அணுகுண்டுக்குத் தப்பியவர்களின் மனநலம்: கதிர்வீச்சு செய்ததா, அதைப் பற்றிய அச்சம் செய்ததா?

வினா: வைகறை

அனைவருக்கும் வணக்கம். ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் உயிர் தப்பியவர்களின் உடல்நலக் கேடுகளைப் பற்றித் தமிழில் ஓரளவு படிக்கக் கிடைக்கிறது. ரத்தப் புற்றுநோய், தீக்காயத் தழும்பு, கண்புரை ஆகியவற்றைத் தொடாத கட்டுரையே இல்லை எனலாம். ஆனால் 1945 ஆகஸ்டு மாதத்தைக் கடந்து அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தவர்களின் மனநலம் என்று வரும்போது, 'ஆறாத வடு' என்று ஒரு வரி எழுதிவிட்டு எல்லாரும் அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள்.

நான் அறிய விரும்புவது இதுதான். அவர்களிடம் பல ஆண்டுகள் நீடித்த பதற்றமும் தூக்கமின்மையும் காரணம் புரியாத சோர்வும் கதிர்வீச்சு மூளையைத் தாக்கியதால் வந்தவையா, அன்றைய கொடுமையைக் கண்ணால் கண்டதால் வந்தவையா, அல்லது உடலுக்குள் புகுந்தது என்றைக்காவது தங்களைக் கொல்லும் என்ற அச்சத்தால் வந்தவையா? இவற்றைப் பிரித்துப் பார்த்த ஆய்வுகள் உண்டா? 1945 மார்ச் 9ஆம் தேதி இரவில் தொடங்கிய தீக்குண்டு வீச்சில் டோக்கியோவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இறந்தார்கள்; அங்கே தப்பியவர்களும் எரிந்த உடல்களைத் தாண்டித்தான் நடந்தார்கள். அப்படியிருக்க, அணுகுண்டுக்குத் தப்பிய ஹிபாகுஷாக்களின் மனத்துயரை மட்டும் தனி வகையாக ஏன் பார்க்க வேண்டும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். அதற்கும் விடை தேடுகிறேன்.

மறுமொழி: செங்காந்தள்

உங்கள் கேள்வியில் உள்ள மூன்று காரணங்களில் முதலாவதைப் பற்றித்தான் ஓரளவு உறுதியாகப் பேச முடியும் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

கதிர்வீச்சு மூளையை நேரடியாகப் பாதித்தது என்று ஐயமின்றி நிறுவப்பட்ட குழு ஒன்று உண்டு. குண்டு விழுந்தபோது தாயின் வயிற்றில் இருந்தவர்களே அவர்கள். கருவிலேயே கதிர்வீச்சுக்கு ஆளாகிப் பின்னர் தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட ஏறத்தாழ 1,600 குழந்தைகளில் சுமார் 30 பேரிடம் கடுமையான அறிவுத்திறன் குறைபாடு காணப்பட்டது. சிலருக்குத் தலையின் அளவும் சிறுத்திருந்தது. கருவுற்ற 8ஆம் வாரம் முதல் 15ஆம் வாரம் வரையிலான காலத்தில் கதிர்வீச்சுக்கு ஆளானவர்களே மிகுதியாகப் பாதிக்கப்பட்டார்கள். மூளையின் புறணிக்குரிய நரம்பணுக்கள் பெருகி, தத்தம் இடத்துக்கு நகரும் காலம் அது. 16 முதல் 25 வாரம் வரை பாதிப்பு குறைவு; 8 வாரத்துக்கு முன்போ 25 வாரத்துக்குப் பின்போ இத்தகைய பாதிப்பு காணப்படவில்லை.

வளர்ந்த நிலையில் கதிர்வீச்சுக்கு ஆளானவர்களின் கதை வேறு. 1947இல் அமெரிக்கர்கள் நிறுவிய அணுகுண்டுப் பாதிப்பு ஆணையமும், 1975இல் அதன் இடத்தை எடுத்துக்கொண்ட கதிர்வீச்சு விளைவுகள் ஆய்வு நிறுவனமும் தப்பியவர்களைப் பல பத்தாண்டுகளாகப் பின்தொடர்ந்து வருகின்றன. குண்டு விழுந்தபோது 13 வயதைத் தாண்டியிருந்தவர்களை முதுமையில் ஆராய்ந்தபோது, உடல் ஏற்ற கதிர்வீச்சின் அளவுக்கும் மறதிநோய்க்கும் தொடர்பு தென்படவில்லை. ஆகவே, 'கதிர்வீச்சு மூளையைக் கெடுத்து மனநோயை உண்டாக்கியது' என்று பெரியவர்களைப் பொறுத்தவரை பொத்தாம்பொதுவாகச் சொல்வதற்கு இடமில்லை.

அப்படியானால் மனநலக் கேடு இல்லையா என்றால், உண்டு, அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1962 முதல் 1965 வரை நடந்த மருத்துவப் பரிசோதனைகளின்போது தப்பியவர்களிடம் திரட்டிய விடைகளைப் பல ஆண்டுகள் கழித்து எடுத்து ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார்கள். குண்டு விழுந்த வேளையில் நகரில் இருந்தவர்களுக்கு, அப்போது நகரில் இல்லாதவர்களைவிடப் பதற்றமும், மனத்துயர் உடல் உபாதையாக வெளிப்படும் அறிகுறிகளும் கூடுதலாக இருந்தன. குண்டுவீச்சு முடிந்து 17 முதல் 20 ஆண்டுகளுக்குப் பிறகான நிலை இது. முடி கொட்டுதல், ரத்தக்கசிவு போன்ற உடனடிக் கதிர்வீச்சு அறிகுறிகளை அனுபவித்தவர்களிடம் இவை இன்னும் மிகுதி. இதைக் கதிர்வீச்சின் நேரடி விளைவு என்று படிப்பவர்களும் உண்டு. என் பார்வையில், கொத்துக் கொத்தாகத் தன் தலைமுடி கையோடு வந்ததைப் பார்த்தவர் அதன்பின் தன் உடலை நம்புவதில்லை என்பதே எளிய விளக்கம்.

இரண்டாவது சான்று இன்னும் தெளிவானது. நாகசாகியின் சுற்றுப்புறத்தில், வெடிப்பைக் கண்டும் குறிப்பிடத்தக்க கதிர்வீச்சுக்கு ஆளாகாத தொலைவில் இருந்ததாகக் கருதப்பட்டவர்களை அரை நூற்றாண்டுக்குப் பிறகு ஆராய்ந்து 2011இல் ஒரு கட்டுரை வெளியானது. வெடிப்பின்போது அங்கே இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், இவர்களின் மனநலம் தெளிவாகவே மோசமாக இருந்தது. எனவே உங்கள் மூன்றாவது காரணத்துக்குத்தான், அதாவது அச்சத்துக்குத்தான், எடை கூடுதல் என்று நினைக்கிறேன்.

மறுமொழி: தாழை

செங்காந்தள் தந்துள்ள விவரங்களோடு எனக்கு உடன்பாடுதான். ஆனால் 'அச்சம்' என்று நிறுத்திவிட்டால், அது அறியாமையால் வந்த வீண் பயம் என்ற பொருள் தொனிக்கிறது. டோக்கியோவுக்கும் ஹிரோஷிமாவுக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்ட நண்பருக்கான விடையும் அதில்தான் இருக்கிறது.

அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஜே லிஃப்டன் 1962இல் ஹிரோஷிமாவில் தங்கி, தப்பியவர்களோடு விரிவாக உரையாடினார். அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்ற பெயரே அப்போது மருத்துவத்தில் இல்லை; 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் அது ஏறியது. அவர் கண்டவற்றில் இரண்டு, எந்தப் பேரழிவுக்கும் பொருந்தும். இடிந்த வீட்டுக்கு அடியில் சிக்கிக் குரல் கொடுத்த தாயையோ தம்பியையோ விட்டுவிட்டுத் தீக்குத் தப்பி ஓடியவர்களிடம், 'நான் மட்டும் ஏன் இருக்கிறேன்' என்ற குற்றவுணர்வு மாறாமல் இருந்தது. மற்றது உணர்வு மரத்துப்போதல். பிணங்களுக்கு நடுவே நடந்தாக வேண்டியவர் எதையும் உணராதபடி மனத்தைப் பூட்டிக்கொள்கிறார்; அந்தப் பூட்டு பின்னாளில், நல்ல நிகழ்வுகளுக்குக்கூடத் திறப்பதில்லை. இந்த இரண்டும் டோக்கியோவில் தப்பியவர்களுக்கும் இருந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

வேறுபாடு அடுத்த கட்டத்தில் வருகிறது. தீக்குண்டுக்குத் தப்பியவருக்கு, காயம் ஆறிய பிறகு, அந்தக் குண்டினால் இனி புதிதாக நோய் வருமோ என்று அஞ்சக் காரணம் இல்லை. ஹிபாகுஷாவுக்கோ முடிவு என்று ஒரு நாளே வரவில்லை. முதல் சில வாரங்களில், காயமே படாதவர்கள் திடீரெனக் காய்ச்சல் கண்டு, தோலில் ஊதாப் புள்ளிகள் தோன்றி இறந்தார்கள். ஆண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் சுமார் 1,40,000 பேரும் நாகசாகியில் சுமார் 70,000 பேரும் இறந்திருந்தார்கள். இனி ஆபத்து இல்லை என்று மூச்சு விட்ட வேளையில், 1940களின் இறுதியில் ரத்தப் புற்றுநோய் பெருகத் தொடங்கி 1950களின் தொடக்கத்தில் உச்சத்தை எட்டியது. அது தணியத் தொடங்கியபின் மார்பகம், நுரையீரல், வயிறு போன்ற உறுப்புகளின் புற்றுநோய்கள் கூடின. ஒவ்வொரு முறையும் 'இதோடு முடிந்தது' என்ற நம்பிக்கை பொய்த்தது. இந்த வரிசையை வாழ்ந்து பார்த்தவருக்கு மூக்கில் ரத்தம் கசிந்தால் பதறுவது நோய் ஆகாது.

சசாகி சடாகோ என்ற சிறுமியின் பெயரைப் பலரும் காகிதக் கொக்குகளோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறார்கள். மனநலக் கோணத்தில் பார்த்தால் அந்த நிகழ்வின் கனம் வேறு இடத்தில் இருக்கிறது. குண்டு விழுந்தபோது அவளுக்கு 2 வயது. பெருங்காயம் ஏதும் இல்லாமல் வளர்ந்து, பள்ளியில் விரைவாக ஓடுபவளாகப் பெயரெடுத்து, 1955 அக்டோபரில் 12 வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்தாள். நலமாகத் தெரியும் தன் பிள்ளையை ஹிரோஷிமாவில் ஒவ்வொரு தாயும் அதன்பின் எப்படிப் பார்த்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த அச்சத்தை வளர்த்ததில் ஆட்சியாளர்களுக்கும் பங்கு உண்டு. ஜப்பானை ஆக்கிரமித்திருந்த நேச நாட்டுப் படையினர் 1945 செப்டம்பரில் பத்திரிகைக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார்கள். குண்டின் விளைவுகளைப் பற்றி எழுதுவது தணிக்கைக்கு உள்ளாயிற்று. நம்பத்தக்க செய்தி இல்லாத இடத்தை வதந்தி நிரப்பியது. ஹிரோஷிமாவில் 70 ஆண்டுகளுக்குப் புல்கூட முளைக்காது என்ற பேச்சு அவற்றில் ஒன்று. அணுகுண்டுப் பாதிப்பு ஆணையம் தப்பியவர்களை அழைத்துப் பரிசோதித்தது. ஆனால் சிகிச்சை தருவதில்லை என்பதைக் கொள்கையாக வைத்திருந்தது. தங்களை ஆய்வகத்து எலிகளைப் போல நடத்தினார்கள் என்ற கசப்பை ஹிபாகுஷாக்கள் பிற்காலம் வரை சொல்லிவந்தார்கள்.

சோர்வைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எந்தப் பரிசோதனையிலும் பிடிபடாமல் உடலை அயர்த்திப்போடும் தளர்ச்சி பலருக்கு இருந்தது. மக்கள் வழக்கில் அதற்கு 'புராபுரா' நோய் என்று பெயர். வேலைக்குப் போக இயலாதவர்களைச் சுற்றியிருந்தவர்கள் சோம்பேறிகள் என்றார்கள். அதன் உடலியல் காரணம் எதுவாயினும், 'உனக்கு ஒன்றும் இல்லை' என்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது அதைவிடப் பெரிய காயம் என்பது என் கருத்து. திருமணச் சந்தையில் நிலைமை இன்னும் கடுமை. ஹிபாகுஷா என்று தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடும் என்பதால், மருத்துவ உதவிக்குரிய கையேட்டைப் பெறாமலே இருந்தவர்களும், கட்டிய கணவரிடமே மறைத்தவர்களும் உண்டு. தப்பியவர்களுக்குப் பின்னாளில் பிறந்த சுமார் 77,000 பிள்ளைகளை உள்ளடக்கிய ஆய்வுகளில், மரபுவழிப் பாதிப்பு இருப்பதாகப் புள்ளிவிவர அளவில் நிறுவப்படவில்லை. ஆனால் அந்த முடிவு பெண் பார்க்க வந்தவர்களின் காதுக்கு எட்டவில்லை.

மறுமொழி: அகிலன்

இருவரின் விளக்கங்களும் பயனுள்ளவை. ஆயினும், 'கதிர்வீச்சா, அச்சமா' என்ற பிரிப்பை ஆய்வுக் கேள்வியாக மட்டும் பார்ப்பதை நான் ஏற்கவில்லை. ஜப்பானில் அது யாருக்கு என்ன உரிமை என்பதைத் தீர்மானிக்கும் கோடாகவே இருந்து வந்திருக்கிறது. செங்காந்தள் இரண்டாவதாகக் காட்டிய நாகசாகிச் சுற்றுப்புற மக்களின் கதையை முழுமையாகச் சொன்னால் இது விளங்கும்.

1957இல் இயற்றப்பட்ட மருத்துவ உதவிச் சட்டத்தின்படி, வரையறுக்கப்பட்ட பகுதிக்குள் இருந்தவர்களுக்கும், இரண்டு வாரத்துக்குள் வெடிப்பு மையத்துக்கு அருகே நுழைந்தவர்களுக்கும், காயம்பட்டோரைப் பராமரித்தவர்களுக்கும், அப்போது கருவில் இருந்தவர்களுக்கும் ஹிபாகுஷா கையேடு கிடைத்தது. நாகசாகியில் அந்தப் பகுதியின் எல்லை பழைய ஆட்சி எல்லைகளை ஒட்டி வரையப்பட்டது. அதனால் அது வடக்கு தெற்காகச் சுமார் 12 கிலோமீட்டர் வரை நீண்டு, கிழக்கு மேற்காகச் சுமார் 7 கிலோமீட்டரோடு நின்றுவிட்டது. காற்றும் சாம்பலும் நகராட்சி எல்லையைப் பார்த்து வீசுவதில்லை. ஒரே தொலைவில் இருந்தும், ஒரு திசையில் இருந்தவர் ஹிபாகுஷா, மறு திசையில் இருந்தவர் இல்லை என்றானது.

பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2002இல் அரசு ஒரு வழி கண்டது. 12 கிலோமீட்டருக்குள் இருந்தும் எல்லைக்கு வெளியே நின்றுவிட்டவர்களை 'குண்டு அனுபவம் உடையவர்கள்' என்று தனியாக வகைப்படுத்தி, அந்த அனுபவத்தால் வந்த மன நோய்க்கும் அதனோடு தொடர்புடைய உடல் நோய்களுக்கும் மருத்துவச் செலவைத் தர இசைந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் மனநலப் பாதிப்பை ஓர் அரசே ஒப்புக்கொண்ட அரிய நிகழ்வு இது. உள்ளே போய்ப் பார்த்தால், 'உங்களுக்குக் கதிர்வீச்சுப் பாதிப்பு இல்லை, மனத்தில்தான் கோளாறு' என்று எழுதிக் கொடுத்ததற்கு ஒப்பாகும். புற்றுநோய்ச் சிகிச்சை தொடக்கத்தில் அதில் அடங்கவில்லை. சாம்பல் விழுந்த கிணற்று நீரைக் குடித்தோம், தோட்டத்துக் காய்கறியைத் தின்றோம் என்று சொல்லி வந்தவர்கள், உதவி பெறுவதற்காக மனநோயாளி என்ற சான்றை வாங்க வேண்டியதாயிற்று. சிலருக்கு அது ஆறுதலாக இருந்திருக்கலாம். வழக்குத் தொடுத்தவர்களுக்கு அவமானமாகவே இருந்தது.

ஹிரோஷிமாவில் கறுப்பு மழையில், அதாவது வெடிப்புக்குப் பின் கதிரியக்கச் சாம்பலும் கரியும் கலந்து பெய்த மழையில், நனைந்தவர்களின் வழக்கும் இதே வகைதான். 2020 ஜூலையில் மாவட்ட நீதிமன்றம் 84 பேரை ஹிபாகுஷாக்களாக ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அரசு மேல்முறையீடு செய்யாமல் விட்டது. நாகசாகியில் 2024 செப்டம்பரில் வெளியான தீர்ப்போ, வழக்குத் தொடுத்த 44 பேரில் 15 பேரை மட்டுமே ஏற்றது. பின்னர் அந்த ஆண்டின் இறுதியில், குண்டு அனுபவம் உடையவர்கள் அனைவருக்கும் ஹிபாகுஷாக்களுக்கு இணையான மருத்துவச் செலவைத் தர அரசு முன்வந்தது. ஆனால் அந்தப் பெயரைத் தரவில்லை. 80 வயதைத் தாண்டிய மனிதர்கள் பணம் கிடைத்த பிறகும் பெயருக்காக வாதாடுகிறார்கள் என்றால், அதுவும் இந்த இழையில் பேச வேண்டிய மனநலச் செய்தியே.

ஆகவே, குறைந்த கதிர்வீச்சுக்கு ஆளானவர்களிடம் மனத்துயர் காணப்பட்டது என்ற ஆய்வு முடிவை எடுத்தாளும்போது, அதை 'உடலுக்கு ஒன்றும் ஆகவில்லை' என்பதற்கான சான்றாக யாரும் மாற்றிவிடாதபடி எழுதுவது நல்லது.

வினா எழுப்பியவர்: வைகறை

மூவருக்கும் நன்றி. இப்போது ஒரு துணைக் கேள்வி. நீண்ட காலத்தில் இவர்களின் மனம் ஓரளவேனும் தேறுவதற்கு எது உதவியது? தங்கள் அனுபவத்தைப் பொதுவெளியில் பேசியது மருந்தாக அமைந்தது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது உண்மையா, அல்லது கேட்பவர்களுக்கு ஆறுதல் தரும் கதையா?

மறுமொழி: தாழை

இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. பேசியதைவிட, தன்னைப் போன்றவர்களோடு சேர்ந்ததுதான் முதலில் உதவியது என்று நினைக்கிறேன். 1954இல் பிகினித் தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல் ஜப்பானிய மீன்பிடிப் படகொன்றின் மீது விழுந்து, படகில் இருந்த ஒருவர் சில மாதங்களில் இறந்தார். நாடெங்கும் எழுந்த அந்தக் கொந்தளிப்பில்தான், 9 ஆண்டுகளாக வாய் திறக்காதிருந்த ஹிபாகுஷாக்களின் குரலும் கேட்கத் தொடங்கியது. 1956இல் நிஹோன் ஹிடான்கியோ என்ற கூட்டமைப்பு உருவானது; 2024ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசு அதற்குத்தான் வழங்கப்பட்டது. செங்காந்தள் குறிப்பிட்ட, கருவிலேயே பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் குடும்பங்கள் 1965இல் 'கினோகோ காய்' என்ற சங்கத்தைத் தொடங்கின. தன் பிள்ளைக்கு மட்டும் ஏன் இப்படி என்று தனித்தனியே வெந்துகொண்டிருந்த தாய்மார்கள், காரணம் ஒன்றே என்பதை அங்கேதான் ஒருவருக்கொருவர் பேசி அறிந்தார்கள்.

பொதுவெளியில் சான்றுரைப்பது வேறு வகை. மாணவர்களிடம் பேசத் தொடங்கியபின் தான் பிழைத்ததற்கு ஒரு பயன் கிடைத்தது என்று சொன்னவர்கள் பலர். ஒவ்வொரு முறை பேசிய இரவிலும் தூக்கம் கெட்டது என்று சொன்னவர்களும் உண்டு. வாழ்நாள் முழுவதும் பேசாமலே இருந்தவர்களின் எண்ணிக்கை பேசியவர்களைவிடப் பல மடங்கு பெரிது என்பதையும் மறக்கலாகாது. நமக்குக் கிடைக்கும் சான்றுகளெல்லாம் பேச முடிந்தவர்களின் சான்றுகள்.

கையேடு வைத்திருப்பவர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை இலவசப் பரிசோதனை உண்டு. நோயை முன்கூட்டியே கண்டறிய அது உதவுகிறது. அதே வேளையில், ஆண்டுக்கு இருமுறை முடிவு வரும்வரை காத்திருக்கும் பதற்றத்தையும் அது தருகிறது. அதை ஒழிக்கச் சொல்லவில்லை. மனநலத் துணையை அதனோடு சேர்த்தே தந்திருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

மறுமொழி: செங்காந்தள்

அகிலனின் எச்சரிக்கை நியாயமானது. அச்சத்துக்கு எடை கூடுதல் என்று நான் எழுதியதோடு இந்த எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டுகிறேன்: 0.005 கிரே (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் கதிர்வீச்சு ஏற்றவர்களிடம் 1958 முதல் 1998 வரை கண்டறியப்பட்ட, ரத்தப் புற்றுநோய் அல்லாத புற்றுநோய்களில் சுமார் 11 விழுக்காடு கதிர்வீச்சால் வந்தவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இந்த எண் பரவலாக நம்பப்படுவதைவிடக் குறைவு, ஆனால் அஞ்சத் தேவையில்லை என்று சொல்லிவிடக்கூடிய அளவுக்குச் சிறியதும் அன்று. தனக்கு வந்த புற்றுநோய் அந்த 11 விழுக்காட்டில் அடங்குமா, மீதி 89இல் அடங்குமா என்பதை எந்தப் பரிசோதனையாலும் ஒரு தனி மனிதருக்குச் சொல்ல முடியாது.

வைகறை அவர்கள் மேற்கொண்டு படிப்பதாக இருந்தால், ஒவ்வொரு ஆய்விலும் கேள்விக்கு விடையளித்தவர்களின் வயதை முதலில் பாருங்கள். 1962இல் லிஃப்டன் சந்தித்தவர்களில் பலருக்கு அந்த நாள் முழுமையாக நினைவில் இருந்தது. 2025 மார்ச் மாதக் கணக்குப்படி கையேடு வைத்திருப்போர் 99,130 பேர். சராசரி வயது 86. அதாவது, குண்டு விழுந்தபோது அவர்களுக்குச் சராசரியாக 6 வயது. கைக்குழந்தைகளாக இருந்து எதையுமே நினைவில் கொள்ளாதவர்களும் அவர்களில் உண்டு. அத்தகையவர்களிடம் இன்றும் பதற்றம் இருக்குமானால், கண்ட காட்சியை அதற்குக் காரணமாகக் காட்ட இயலாது. வீட்டில் கேட்டது, மறைக்கப்பட்டது, உடலைப் பற்றி மருத்துவர் சொன்னது, சொல்லாமல் விட்டது ஆகியவற்றிலிருந்துதான் தேட வேண்டும். உங்கள் மூன்று காரணங்களைப் பிரித்துப் பார்க்க இந்த வயதுப் பிரிவு நல்ல வாய்ப்பைத் தருகிறது என்று கருதுகிறேன்.